நான்கு டொலர் சந்தாவின் பின்னால் மூடப்பட்ட கதவு

ரெடிட் என்ற சமூக ஊடகம் எங்கள் பக்கத்தில் முகநூல், யூரியூப், வட்ஸ்அப் அளவுக்குப் புழக்கத்தில் இல்லை. புலம்பெயர் நாடுகளில் வளர்ந்த பிள்ளைகளைக் கேட்டால்தான் அதைப் பற்றிச் சொல்வார்கள். ஆனாலும் 2023 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அந்தத் தளத்தில் எழுந்த ஒரு கட்டணத் தகராறைத் தமிழர்களாகிய நாங்களும் ஒருதரம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. இறந்தவர்களின் படங்களையும், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயர்களையும், 2009 இன் ஒளிப்பதிவுகளையும் அமெரிக்க நிறுவனங்களின் கணினிகளில் வைத்திருக்கின்ற சமூகம் நாங்கள். அந்தக் கணினிகளுக்குள் யார், எந்த வழியால், எவ்வளவு காசுக்கு நுழையலாம் என்பதே அந்தத் தகராறு.

ரெடிட்டை வாசிப்பதற்கு அந்த நிறுவனத்தின் சொந்தச் செயலி ஒன்று உண்டு. அதைவிட, தனியாட்களும் சிறு குழுக்களும் உருவாக்கிய வேறு செயலிகளும் பல வருடங்களாக இருந்தன. ஐபோனில் அப்பல்லோ, அன்ட்ரொயிட்டில் ரிலே, சிங்க், ரெடிட் இஸ் ஃபன் எனப் பல. சொல்லப்போனால் ரெடிட் தனக்கென ஒரு நல்ல கைத்தொலைபேசிச் செயலியை வைத்திருக்காத காலத்தில், அந்தத் தளத்தைக் கைத்தொலைபேசிக்குக் கொண்டுவந்து சேர்த்தவை இவைதான்.

இந்தச் செயலிகள் இயங்குவது ஏபிஐ எனப்படும் ஒரு பக்கக் கதவின் வழியாக. நீங்கள் ரெடிட் தளத்தைத் திறந்தால் விளம்பரம், அலங்காரம் எல்லாவற்றோடும் முன் வாசலால் போகிறீர்கள். செயலி அப்படிப் போவதில்லை. “இந்தக் குழுவின் புதிய பதிவுகளைத் தா”, “இந்தப் பதிவுக்கு வந்த மறுமொழிகளைத் தா” என்று பக்கக் கதவில் நின்று கேட்கும். தளத்தின் கணினி வெறும் தகவலை மட்டும் எடுத்துக் கொடுக்கும். அப்படிக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோரிக்கை. 2008 இலிருந்து ரெடிட் இந்தக் கதவை இலவசமாகவே திறந்து வைத்திருந்தது.

2023 ஏப்ரல் 18 ஆம் திகதி, இனிமேல் கட்டணம் உண்டு என்று நிறுவனம் அறிவித்தது. எவ்வளவு என்று அப்போது சொல்லவில்லை. மே 31 இல் அப்பல்லோவை உருவாக்கிய கனடியரான கிறிஸ்டியன் செலிக் தனக்குச் சொல்லப்பட்ட விலையைப் பகிரங்கப்படுத்தினார். 5 கோடிக் கோரிக்கைகளுக்கு 12,000 டொலர். ஜூலை 1 முதல் நடைமுறை.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்

விலை பெரிதா சிறிதா என்பதை உணர்ச்சிவசப்படாமல் பார்க்கலாம். 5 கோடிக்கு 12,000 டொலர் என்றால் ஆயிரம் கோரிக்கைகளுக்கு 24 சதம். கேட்க அற்பமாக இருக்கிறது. அப்பல்லோவின் பாவனையாளர் ஒருவர் சராசரியாக ஒரு நாளில் 344 கோரிக்கைகளை ஏற்படுத்துகிறார் என்று செலிக் கணக்குச் சொன்னார். ஒரு மாதத்துக்குப் பத்தாயிரத்துச் சொச்சம். அதற்கு 24 சத வீதம், ஏறத்தாழ இரண்டரை டொலர். முந்தைய மாதத்தில் அப்பல்லோ முழுவதுமாக அனுப்பியவை 7 பில்லியன் கோரிக்கைகள். அதற்கான மாதக் கட்டணம் ஏறத்தாழ 17 இலட்சம் டொலர், வருடத்துக்கு 2 கோடி டொலர். இவ்வளவும் ஒரு தனி மனிதர் நடத்திய செயலிக்கு. படங்களைச் சேமிக்கும் இமேஜர் என்ற தளம் அதே 5 கோடிக் கோரிக்கைகளுக்குத் தன்னிடம் வாங்குவது 166 டொலர் என்றும் அவர் சொன்னார்.

“அப்படியானால் பாவனையாளரிடம் மாதம் ஐந்து டொலர் வாங்கினால் முடிந்ததுதானே?” என்று அப்போது பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சந்தா வைத்து ஓடும் எந்தத் தொழிலுக்கும் பொருந்துவதால் இதற்கான விடையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, ஐந்து டொலர் வாங்கினால் ஐந்து டொலர் கையில் வராது. அப்பிளின் கடையில் விற்றால் அப்பிளுக்கு 15 வீதம். வருட வருமானம் 10 இலட்சம் டொலரைத் தாண்டிய செயலிக்கு, சந்தாவின் முதல் வருடத்தில் 30 வீதம். இரண்டாவது, சராசரி என்பது ஏமாற்றும். கட்டணம் வந்தவுடன் இடைக்கிடை எட்டிப் பார்க்கின்ற ஆட்கள் விலகிவிடுவார்கள். காசு கொடுத்துத் தங்குபவர்கள் நாள் முழுக்கத் தளத்தில் கிடப்பவர்கள். அவர்களின் கோரிக்கைகள் 344 இல் நிற்காது. ஆகவே சராசரியை வைத்து விலை குறித்தவர் அடுத்த மாதமே நட்டப்படுவார். மூன்றாவதுதான் அப்பல்லோவைக் கொன்றது. ஏறத்தாழ 50,000 பேர் ஏற்கனவே பழைய மலிவு விலையில் ஒரு வருடத்துக்கான சந்தாவைக் கட்டியிருந்தார்கள். அவர்களிடம் நடுவில் கூடுதலாகக் கேட்க முடியாது. அந்த வருடம் முடியும் வரை அவர்களுக்கான ரெடிட் கட்டணத்தைச் செலிக் தன் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். இதற்கெல்லாம் ஒழுங்கு செய்ய அவருக்கிருந்த அவகாசம் முப்பது நாள்.

அவர் ஜூன் 30 ஆம் திகதியோடு செயலியை மூடினார். எஞ்சிய நாட்களுக்கான சந்தாப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஏறத்தாழ 250,000 டொலர் தேவைப்படும் என்றார். சிங்க், ரெடிட் இஸ் ஃபன், பேக்கன்ரீடர் ஆகியவையும் அதே நாட்களில் மூடிக்கொண்டன.

எல்லாரும் சாகவில்லை. ரிலேயை உருவாக்கியவர் தன் செயலி அனுப்பும் கோரிக்கைகளைக் குறைத்து, ஒரு டொலர் அளவில் தொடங்கிப் பாவனைக்கேற்ப ஏறுகின்ற சந்தாப் படிகளை வைத்தார். மின்கட்டணப் பட்டியலில் அலகு கூடக் கூட விலை ஏறுவது போன்ற ஏற்பாடு. நார்வால் என்ற ஐபோன் செயலியின் இரண்டாம் பதிப்பு மாதம் 3.99 டொலரில் வந்தது. ஆகவே “சந்தா வைத்துப் பிழைக்கவே முடியாது” என்பதும் முழு உண்மையல்ல. பழைய வருடச் சந்தாக்களின் பாரம் இல்லாதவர்களும், அவகாசம் கிடைத்தவர்களும் பிழைத்தார்கள். ஆனால் பிழைத்தவற்றின் பாவனையாளருக்கும் ஒரு குறை இருந்தது. வயது வந்தோருக்குரியது எனக் குறிக்கப்பட்ட உள்ளடக்கத்தை ஏபிஐ வழியாகப் பெறுவதை ரெடிட் 2023 ஜூலையிலிருந்து மட்டுப்படுத்தியது. காசு கட்டிப் பக்கக் கதவால் வருபவருக்கு, காசு கட்டாமல் முன் வாசலால் வருபவரை விடக் குறைவாகவே கிடைத்தது.

3.99 டொலர் எங்கள் காசில் ஏறத்தாழ 1,200 ரூபா. அஸ்வெசும கொடுப்பனவின் ஆகக் குறைந்த பிரிவு 2023 இல் மாதம் 2,500 ரூபாவாக இருந்தது. கலிபோர்னியாவில் ஒரு கோப்பி விலைக்கும் காணாத காசு, முல்லைத்தீவில் ஒரு குடும்பத்தின் மாத உதவிப் பணத்தில் கிட்டத்தட்டப் பாதி. உலகத்துக்கு ஒரே டொலர் விலை என்பதன் பொருள் இதுதான்.

ரெடிட் சொன்ன நியாயம்

நிறுவனத்தின் பக்கத்தையும் கேட்க வேண்டும். தகவலைச் சேமிக்கவும் பரிமாறவும் காசு செலவாகிறது. வெளியார் செயலிகளில் ரெடிட்டின் விளம்பரம் ஓடாது. ஆகவே அவற்றால் வரும் பாவனையாளரிடமிருந்து நிறுவனத்துக்கு வருமானம் இல்லை, செலவு மட்டுமே. அந்தச் செயலிகளோ சந்தா வாங்கி உழைக்கின்றன. இது தவறான வாதமல்ல. செலிக்கும் கட்டணம் வைப்பதே பிழை என்று சொல்லவில்லை, அளவைத்தான் எதிர்த்தார்.

அளவை எப்படி மதிப்பிடுவது? ரெடிட் ஒரு பாவனையாளரிடமிருந்து மாதம் ஏறத்தாழ 12 சதம்தான் உழைக்கிறது, தன்னிடம் அதைப்போல் இருபது மடங்கு கேட்கிறது என்பது செலிக்கின் கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. மாதத்தில் ஒருமுறை எட்டிப் பார்ப்பவர்களையும் சேர்த்து அவர் வகுத்திருந்தார். பின்னர் ரெடிட் பங்குச் சந்தைக்காகச் சமர்ப்பித்த ஆவணத்தின்படி 2023 ஆம் ஆண்டு வருமானம் 804 மில்லியன் டொலர். ஆண்டின் கடைசிக் காலாண்டில் நாளாந்தப் பாவனையாளர் 73 மில்லியன். இப்படிப் பார்த்தால் ஒருவரால் வருடத்துக்கு 11 டொலர், மாதத்துக்கு ஒரு டொலருக்குச் சற்றுக் குறைவு. இருபது மடங்கு என்பது மிகை. ஆனாலும் தான் உழைப்பதைப் போல் இரண்டரை மடங்கை நிறுவனம் கேட்டிருக்கிறது. இழந்த விளம்பர வருமானத்தை ஈடுசெய்வதுதான் நோக்கம் என்றால் அதற்கு இவ்வளவு தேவையில்லை.

அப்படியானால் அந்த விலை யாருக்காகக் குறிக்கப்பட்டது? அதை ரெடிட்டின் தலைமை நிறைவேற்று அதிகாரி ஸ்டீவ் ஹஃப்மன் ஏப்ரலிலேயே நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார். ரெடிட்டில் குவிந்திருக்கும் உரையாடல்கள் மிகப் பெறுமதியானவை, அவற்றை உலகின் ஆகப் பெரிய நிறுவனங்கள் சிலவற்றுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை என்பது அவரது பேச்சின் சாரம். செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளைப் பழக்குவதற்கு மனிதர் எழுதிய எழுத்து வேண்டும். பதினெட்டு வருடங்களாக மனிதர்கள் கேள்வி கேட்டு, விடை சொல்லி, சண்டை பிடித்து எழுதிய எழுத்து ரெடிட்டில் மலைபோல் கிடந்தது.

விளைவு விரைவில் வந்தது. 2024 பெப்ரவரியில் ரெடிட் தாக்கல் செய்த பங்குச் சந்தை ஆவணத்தில், தகவலைப் பாவிக்க அனுமதிக்கும் ஒப்பந்தங்களின் மொத்தப் பெறுமதி 203 மில்லியன் டொலர் என்றும், அவை இரண்டு மூன்று வருடங்களுக்கானவை என்றும் இருந்தது. கூகுளுடனான ஒப்பந்தம் வருடத்துக்கு 60 மில்லியன் டொலர் என்று ரொய்ட்டர்ஸ் எழுதியது. மே மாதம் ஓப்பன்ஏஐ நிறுவனத்துடன் இன்னொன்று. இடையில் மார்ச் 21 இல் நியூயோர்க் பங்குச் சந்தையில் 34 டொலர் விலையில் ரெடிட்டின் பங்கு விற்பனைக்கு வந்தது. ஹஃப்மனின் 2023 ஆம் ஆண்டுக்கான ஊதியப் பொதி, பெரும்பாலும் பங்குகளாக, 193 மில்லியன் டொலர் என்று அதே ஆவணம் சொன்னது.

ஆகவே அப்பல்லோ போன்ற செயலிகள் இந்தச் சண்டையில் எதிராளிகள் அல்ல. யானைக்குக் கட்டிய வேலியில் ஆட்டுக்குட்டி சிக்கியது போலத்தான். பெரிய வாடிக்கையாளருக்கு விற்கப்போகும் பொருளை இன்னொரு வாசலில் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் அந்த வாசலுக்கும் விலைப் பலகை மாட்டப்பட்டது.

விற்கப்பட்ட அந்தப் பொருளை எழுதியவர்களுக்கு ஒரு சதமும் போகவில்லை. ஊரில் பங்குக் கிணறு என்று ஒன்று இருக்கிறது. காணி ஒருவருடையதாக இருந்தாலும், வெட்டியவர்களுக்கும் இறைப்பவர்களுக்கும் உரிமை உண்டு, உறுதியில் எழுதியிருக்கும். சமூக ஊடகங்களில் அந்த உறுதி இல்லை. இறைத்தவர்களும் தூர் வாரியவர்களும் சம்பளமில்லாத தொண்டர்கள். ரெடிட்டின் ஒவ்வொரு குழுவையும் நெறிப்படுத்துவது அப்படிப்பட்ட ஆட்கள்தான். அவர்கள் 2023 ஜூன் 12 இல் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட குழுக்களை மூடி எதிர்ப்புக் காட்டினார்கள். இதுவும் கடந்து போகும் என்ற தொனியில் ஹஃப்மன் தன் ஊழியருக்கு எழுதிய குறிப்பு வெளியில் கசிந்தது. பிறகு என்பிசி தொலைக்காட்சிக்கு அளித்த செவ்வியில் அந்தத் தொண்டர்களைப் பரம்பரை நிலவுடைமையாளருக்கு ஒப்பிட்டார். முதலில் வந்து இடம்பிடித்தவர்கள், மக்கள் விரும்பினாலும் நகரமாட்டார்கள் என்ற பொருளில். காணி உறுதியைத் தன் பெட்டிக்குள் வைத்திருக்கும் ஒருவர், கூலியில்லாமல் வேலை செய்தவரைப் பார்த்து நிலப்பிரபு என்றார். எதிர்ப்பு சில வாரங்களில் அடங்கிவிட்டது.

பக்கக் கதவால் போனவர்கள்

இந்தத் தகராறைப் பற்றி அந்நேரம் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி, அழகான ஒரு செயலியை இழந்தவர்களின் துக்கம். அது எனக்குப் பெரிதாகப்படவில்லை. செயலி போனால் இன்னொரு செயலி. ஆனால் அந்தக் கதவை வேறு சிலரும் பாவித்தார்கள்.

ஒரு பகுதியினர் கண்பார்வையற்றவர்கள். ரெடிட்டின் சொந்தச் செயலி, திரையிலுள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளோடு சரியாக ஒத்துப்போகாததால், அவர்கள் வெளியார் செயலிகளிலேயே தங்கியிருந்தார்கள். பார்வையற்றோருக்கான குழுவைப் பார்வையற்றவர்களே நெறிப்படுத்தினார்கள். அவர்கள் குரல் எழுப்பிய பின்னர் ரெட்ரீடர், டிஸ்டோப்பியா போன்ற, இலாப நோக்கற்ற சில செயலிகளுக்கு ரெடிட் விலக்கு அளித்தது. ஷெல்லடியில் கண்ணை இழந்தவர்கள் வாழும் ஊர்களில், கைத்தொலைபேசி வாசித்துக் காட்டுவது எப்பேர்ப்பட்ட உதவி என்பதை விளக்கத் தேவையில்லை. அந்த விலக்கு உரிமையாக அல்ல, தயவாகவே கிடைத்தது.

மற்றப் பகுதியினர் ஆய்வாளர்கள். புஷ்ஷிஃப்ட் என்ற சேகரிப்பு 2015 முதல் ரெடிட்டின் பதிவுகளை ஏபிஐ வழியாக எடுத்துச் சேமித்து வந்தது. வெறுப்புப் பேச்சு, வதந்தி, தீவிரவாதம் பற்றிய ஏராளமான ஆய்வுகள் அதிலிருந்து பிறந்தவை. 2023 மே மாதம் ரெடிட் அதன் அனுமதியை நிறுத்தியது. பிறகு குழு நெறியாளர்களுக்கு மட்டும் பாவிக்கக் கொடுத்தது.

ரெடிட்டுக்கு முன்னரே ருவிட்டரில் இதைவிடக் கரடுமுரடாக ஒன்று நடந்திருந்தது. இலோன் மஸ்க் வாங்கிய பின்னர், 2023 ஜனவரியில் ருவிட்பொட், ருவிட்டரிஃபிக் போன்ற வெளியார் செயலிகள் ஒரு முன்னறிவித்தலும் இல்லாமல் ஓர் இரவில் நின்றுபோயின. விதிமுறையை ஒரு கிழமை கழித்துத்தான் அதற்கேற்ப மாற்றி எழுதினார்கள். அந்தச் செயலிகளுக்கு வருடச் சந்தா கட்டியவர்களின் பணம் திரும்ப வேண்டியிருந்தது. செயலியைச் செய்த சிறு நிறுவனங்கள், “எங்களுக்குத் திருப்பித் தர வேண்டாம்” என்று ஒரு பொத்தானை அழுத்தும்படி தம் வாடிக்கையாளரைக் கேட்க வேண்டிய நிலைக்கு வந்தன.

பெப்ரவரி 2 இல் இலவச ஏபிஐ நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தது. நான்கு நாட்கள் கழித்து துருக்கியிலும் சிரியாவிலும் பூமி அதிர்ந்தது. இடிபாடுகளுக்குள் இருந்து மக்கள் எழுதிய ருவிட்டர் பதிவுகளை அதே ஏபிஐ வழியாகத் திரட்டி, மீட்புப் பணியாளருக்கு இடங்களைக் காட்டிக்கொடுத்த தன்னார்வ மென்பொருளாளர்கள், கதவை இப்போது மூடாதீர்கள் என்று மன்றாடினார்கள். மார்ச் மாத இறுதியில் புதிய விலைகள் வந்தன. இலவசப் பிரிவில் பதிவு போடலாம், வாசிக்க முடியாது. ஆரம்பப் பிரிவு மாதம் 100 டொலர். அது 2024 ஒக்ரோபரில் 200 ஆகியது. பெரிய அளவில் தகவல் எடுப்பவருக்கு மாதம் 42,000 டொலரிலிருந்து என்று செய்திகள் வெளியாகின. எந்தப் பல்கலைக்கழகத் துறையிடம் அவ்வளவு காசு இருக்கிறது?

இந்த இடத்தில் விடயம் இலங்கைக்குள் வருகிறது. மெட்டா நிறுவனம் க்ரவுட்ரங்கிள் என்ற கருவியை வைத்திருந்தது. முகநூலின் பகிரங்கப் பக்கங்களிலும் குழுக்களிலும் எந்தப் பதிவு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதை ஊடகவியலாளரும் கண்காணிப்பு அமைப்புகளும் அதில் பார்க்கலாம். இலங்கையில் தேர்தல் காலத்து வெறுப்புப் பேச்சைக் கண்காணித்தவர்களும் அதைப் பாவித்தார்கள். 2018 மார்ச்சில் கண்டி, திகன பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டபோது முகநூல் ஆற்றிய பங்குக்கு அந்த நிறுவனமே 2020 மே மாதம் வருத்தம் தெரிவித்திருந்தது. அப்படியிருந்தும் 2024 ஓகஸ்ட் 14 இல் க்ரவுட்ரங்கிள் மூடப்பட்டது. இலங்கையின் ஜனாதிபதித் தேர்தல் செப்டெம்பர் 21. ஏறத்தாழ ஐந்தரைக் கிழமை இடைவெளி. மாற்றாக வந்த உள்ளடக்க நூலகத்துக்குப் பல்கலைக்கழகங்களும் இலாபநோக்கற்ற ஆய்வு நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம். சாதாரண ஊடக நிறுவனங்களுக்கு அந்தக் கதவு இல்லை. இதற்கு விலைப் பலகைகூட மாட்டவில்லை, காசு கொடுத்தும் வாங்க முடியாது.

இரண்டு வகை மூடல்

அரசு கதவை மூடுவது எங்களுக்குப் பழக்கமானது. 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் எனப் பல தடவைகள் சமூக ஊடகங்கள் இந்த நாட்டில் முடக்கப்பட்டன. 2024 ஜனவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியது. அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம், வீதியில் நிற்கலாம். கிடைக்கிறதோ இல்லையோ, முறையிட ஓர் இடம் உண்டு. ஒரு நிறுவனம் தன் விலைப்பட்டியலை மாற்றும்போது அப்படி ஓர் இடம் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கூட்டத்தில் எடுத்த முடிவு முப்பது நாளில் நடைமுறையாகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் மட்டும் இதைச் சட்டத்தால் தொட முனைந்திருக்கிறது. அங்கே டிஜிற்றல் சேவைகள் சட்டத்தின் 40 ஆவது உறுப்புரை, பெரிய தளங்கள் பகிரங்கத் தகவலைத் தகுதியுள்ள ஆய்வாளருக்குத் திறந்துவிட வேண்டும் என்கிறது. ருவிட்டராக இருந்து எக்ஸ் ஆகிய தளத்துக்கு 2025 டிசெம்பரில் விதிக்கப்பட்ட 120 மில்லியன் யூரோ தண்டத்துக்கான காரணங்களில் ஆய்வாளருக்குக் கதவு திறக்காததும் ஒன்று. ஆனால் அந்தச் சட்டம் பேசுவது ஐரோப்பாவுக்குள் ஏற்படும் ஆபத்துகளைப் பற்றி. அம்பாறையில் பரவும் ஒரு வதந்தி அதற்குள் வராது.

எங்களுக்கு இதில் இருக்கும் பங்கு, ஒளிப்பதிவுகள். 2009 ஓகஸ்ட் 25 இல் சனல் 4 ஒளிபரப்பிய, கைகள் கட்டப்பட்டவர்கள் சுடப்படும் காட்சியை இலங்கை அரசு போலி என்றது. 2010 ஜனவரியில் ஐ.நா. விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் மூன்று நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்து, அது உண்மையானது என்பதையே சான்றுகள் வலுவாகக் காட்டுகின்றன என்றார். அப்போது விளக்கமில்லாமல் எஞ்சிய சில விடயங்களில் ஒன்று, கோப்பினுள் பதிவாகியிருந்த திகதி. ஒரு ஒளிப்பதிவு எப்போது, எந்தக் கணக்கிலிருந்து, எந்த வடிவில் முதலில் ஏறியது என்பது பின்னாளில் உயிர்நாடியாகிறது என்பதற்கு இதைவிட எங்களுக்கு வேறு பாடம் தேவையில்லை.

யூரியூப்பில் ஒரு காணொளி ஏறிய சரியான நேரத்தைக் காட்ட, சர்வதேச மன்னிப்புச் சபை 2014 இல் ஒரு சிறு இலவசக் கருவியை வெளியிட்டது. அது யூரியூப்பின் ஏபிஐ வழியாகத்தான் அந்த நேரத்தை எடுத்துக் காட்டுகிறது. அந்த ஏபிஐ நாளுக்கு 10,000 அலகுகள் வரை இலவசம் என்ற அளவில் திறந்திருக்கிறது. அதுவும் ஒரு நிறுவனத்தின் கொள்கை, அவ்வளவுதான். 2017 ஓகஸ்டில் அதே யூரியூப், தீவிரவாதக் காணொளிகளைத் தேடும் தானியங்கி மென்பொருளை ஏவியபோது, சிரியப் போரின் காணொளிகள் பெரும் எண்ணிக்கையில் நீங்கின. சிரிய ஆவணக் காப்பகம் என்ற சிறு குழு முன்கூட்டியே பிரதி எடுத்து வைத்திருந்ததால்தான் அவற்றில் பலவற்றை மீளக் காட்ட முடிந்தது. அந்தக் குழுவும் பிரதிகளை எடுத்தது, கதவு திறந்திருந்த காலத்தில்.

2021 மார்ச்சில் 46/1 தீர்மானத்தின் மூலம் இலங்கை தொடர்பான சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பு ஐ.நா. மனித உரிமைகள் ஆணையாளர் அலுவலகத்துக்குக் கொடுக்கப்பட்டது. அவர்கள் திரட்டக்கூடியது, எங்கோ ஓரிடத்தில் இன்னும் இருப்பதைத்தான். கிராமங்களின் பெயரிலும், பாடசாலைகளின் பெயரிலும், இறந்துபோன ஒரு மகனின் பெயரிலும் முகநூலில் இயங்கும் பக்கங்களை நடத்துபவர்கள் பெரும்பாலும் தனியாட்கள். அவர்களில் எத்தனை பேரிடம் அந்தப் படங்களின் மூலப் பிரதி வேறோர் இடத்தில் இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம். நான் கேட்டவர்களில் அனேகர், படம் எடுத்த கைத்தொலைபேசி பழுதாகிப் போய்விட்டது, முகநூலில் இருக்கிறதுதானே என்றார்கள்.

முகநூலின் அமைப்புகளுக்குள் உங்கள் தகவலைத் தரவிறக்கும் வசதி இருக்கிறது. அதற்குக் கட்டணமில்லை. படத்தின் தரத்தைக் கேட்கும் இடத்தில் உயர்ந்ததைத் தெரிவுசெய்ய வேண்டும். திகதி வரம்பைக் கேட்டால், கணக்குத் தொடங்கிய நாளிலிருந்து என்று கொடுக்க வேண்டும். சாதாரணமாகத் திறந்து வாசிப்பதற்கு எச்ரிஎம்எல் வடிவம் போதும். பெரிய கணக்கென்றால் கோப்பு ஆயத்தமாகச் சில மணித்தியாலங்கள், சிலவேளை நாட்கள் எடுக்கும். ஆயத்தமானதும் சில நாட்களுக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும். நீங்கள் போட்டவை அதில் வரும். உங்கள் பதிவின் கீழே மற்றவர்கள் எழுதியவை, “இவர் என் அண்ணாவோடு ஓ.எல். படித்தவர், கடைசியாக இரட்டைவாய்க்காலில் கண்டேன்” போன்ற வரிகள், அந்தக் கோப்பில் வராது. அவற்றைத் திரைப்படமாக ஒவ்வொன்றாகப் பிடித்துத்தான் வைக்க வேண்டும்.